வெள்ளவத்தையில் வாடகை இரு மடங்காகக் கேட்கப்பட்ட ஒரு வீடு: நிகழ்வு ஆய்வு

இங்கு விவரிக்கப்படும் வாடகைக் குடும்பமும் வீட்டு உரிமையாளரின் தரப்பும் தமக்கு நடந்ததை எழுத்தில் வைக்க இசைந்துள்ளனர். அவர்கள் அடையாளம் காணப்படாமலிருக்க ஒழுங்கை, பாடசாலை, தொழிலிடம் ஆகியவற்றின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். கணக்குப் பார்ப்பதிலும் கடிதங்கள் எழுதுவதிலும் நான் குடும்பத்தின் பக்கம் நின்று உதவியவன். வாசிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பின்னணி

குடும்பத்தில் ஐந்து பேர். தந்தை கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். தாய் வீட்டிலேயே கணிதமும் விஞ்ஞானமும் ரியூஷன் சொல்லிக்கொடுக்கிறார். இரு பிள்ளைகளில் மூத்தவள் 2023ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். தந்தையின் தாயாரும் அவர்களுடனேயே இருக்கிறார். 2023இன் நடுப்பகுதியில் தந்தையின் சம்பளம் 115,000 ரூபா. ரியூஷன் வருமானம் சராசரியாக 60,000 ரூபா.

2019 ஜூலையில் அவர்கள் கொழும்பின் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், லிஃப்ட் வசதியுள்ள தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் இரண்டு அறைகள் கொண்ட வீட்டுக்குக் குடிவந்தனர். அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் வெளிநாட்டிலிருந்து வருவோர் குறைந்து, அந்த ஒழுங்கையில் பல வீடுகள் வெறுமையாகக் கிடந்தன. அதனால் மாத வாடகை 55,000 ரூபாவுக்குப் படிந்தது. வெள்ளவத்தையில் பரவலாக உள்ள வழக்கப்படி ஓராண்டு வாடகையான 660,000 ரூபா முற்பணமாகக் கொடுக்கப்பட்டது. வீட்டை விட்டு வெளியேறும்போது அது வட்டியின்றித் திருப்பித் தரப்படும் என்பது ஏற்பாடு. உரிமையாளர் கனடாவில் வசிக்கிறார். வாடகையை வாங்குவதும் திருத்த வேலைகளைக் கவனிப்பதும் கொழும்பிலுள்ள அவருடைய மூத்த சகோதரியின் பொறுப்பு.

நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட இரண்டாண்டுக் குத்தகை உடன்படிக்கை 2021 ஜூனில் முடிவடைந்தது. அப்போது பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் நடைமுறையில் இருந்தன. வெளியே போய் வருவதே சிரமமாக இருந்தது. “இருங்கோ, பிறகு எழுதுவம்” என்று சகோதரி தொலைபேசியில் சொன்னதை இரு தரப்பும் போதுமெனக் கொண்டன. பிற்பாடு எழுந்த சிக்கல்களுக்குப் பாதிக் காரணம் இந்தத் தொலைபேசிப் பேச்சுதான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு எழுத்தில் இருந்தாலன்றிச் செல்லுபடியாகாது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் நெடுங்கால விதி. எனவே வாய்மொழியாகத் தொடர்ந்த அந்த இரண்டு ஆண்டுகளிலும் குடும்பம் சட்டத்தின் பார்வையில் மாதத்துக்கு மாதம் வாடகைக்கு இருந்தவர்களாகவே கொள்ளப்பட்டது.

கோரிக்கை

2023 ஜூன் இறுதியில் சகோதரி நேரில் வந்து, ஓகஸ்ட் முதல் வாடகை 110,000 ரூபா என்றும், முற்பணமும் அதற்கேற்ப ஓராண்டு வாடகையாக உயர வேண்டும் என்றும் தெரிவித்தார். அதன்படி கையிலிருந்து மேலும் 660,000 ரூபா கொடுக்க வேண்டும். உடன்பட முடியாவிட்டால் வீட்டை விட வேண்டும். அவர் இதைக் கடுமையாகச் சொல்லவில்லை. “தம்பிதான் சொல்லுறான் ரீச்சர், நான் இடையில நிக்கிறன்” என்றார்.

கேட்கப்பட்ட வாடகை குடும்ப வருமானத்தில் 63 சதவீதம். அதுவரை கொடுத்து வந்தது 31 சதவீதம். தொடர்மாடிப் பராமரிப்புக் கட்டணமும் தனியாக ஏறியிருந்தது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டதால், லிஃப்டையும் தண்ணீர்ப் பம்பையும் இயக்கும் செலவு அப்படியே குடியிருப்போர் தலையில் விழுந்தது. 4,500 ரூபாவாக இருந்த பராமரிப்புக் கட்டணம் 9,000 ரூபாவானது.

அவதானிக்கப்பட்டவை

முதலில் செய்தது, உரிமையாளர் தரப்பின் கணக்கைப் புரிந்துகொள்ள முயன்றது. “அநியாயம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போவது இலகு. கேட்ட தொகை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பேரம் பேசுவது கடினம். விசாரித்தபோது மூன்று காரணங்கள் தெரியவந்தன. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவுக்கே நியாயமானவை.

முதலாவது, நாணயப் பெறுமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. 2023இல் ரூபா ஓரளவு மீண்டாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கனடிய டொலரில் பார்த்தால், 2019இல் 55,000 ரூபா என்பது ஏறக்குறைய 410 டொலர். 2023 நடுப்பகுதியில் அதே தொகை 240 டொலர் அளவுதான். பழைய 410 டொலரையே பெற வேண்டுமானால் வாடகை 94,000 ரூபாவாக இருக்க வேண்டும். ஆக, 110,000 ரூபாவில் பெரும்பகுதியை நாணய வீழ்ச்சியைக் கொண்டே விளக்கிவிடலாம்.

ஆனால் அந்தப் பணம் கனடாவுக்குப் போகவே இல்லை என்பது பேச்சின் போக்கில் தெரிந்தது. கொழும்பிலுள்ள முதிய தாயாரின் மருந்துக்கும் அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் சம்பளத்துக்குமே வாடகை செலவாகிறது. ரூபாவில் வரவாகி ரூபாவிலேயே செலவாகும் பணத்துக்கு டொலர்க் கணக்கு முழுமையாகப் பொருந்தாது. அதேவேளை மருந்து விலையும் சம்பளமும் இரண்டு ஆண்டுகளில் கடுமையாக ஏறியிருந்தன என்பதையும் மறுக்க முடியாது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 2023 ஜூலையில் அது 6.3 சதவீதத்துக்கு இறங்கியபோது, தாங்கள் நியாயமாகப் பேச இனி இடமுண்டு என்று குடும்பத்தினர் நம்பினர். பணவீக்கம் இறங்குவது விலைகள் ஏறும் வேகம் குறைவதை மட்டுமே குறிக்கும். ஏறிய விலை ஏறிய இடத்தில்தான் நிற்கும். செய்தியில் வரும் சதவீதத்தை நம்பி வாடகை குறையும் என்று காத்திருப்போர் கொழும்பில் இன்றும் பலர்.

இரண்டாவது காரணம், நாள் வாடகை. அதே கட்டடத்தில் இரண்டு வீடுகள் தளபாடங்களோடும் ஏசியோடும் நாளொன்றுக்கு 12,000 ரூபாவுக்கு விடப்பட்டு வந்தன. நல்லூர்த் திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ ஊருக்கு வரும் புலம்பெயர் குடும்பங்கள் யாழ்ப்பாணம் போகுமுன்னும் திரும்பும்போதும் வெள்ளவத்தையில் சில நாட்கள் தங்குவது வழக்கம். மாதத்தில் பத்து நாள் ஆள் இருந்தால் 120,000 ரூபா என்பதே சகோதரியின் கணக்கு. 110,000 என்ற எண்ணும் அதிலிருந்துதான் பிறந்திருக்கிறது. கட்டடத்தின் காவலாளியிடம் தந்தை சாவகாசமாகக் கேட்டதில் மறுபக்கம் தெரிந்தது. ஜூலை, ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் அந்த வீடுகள் நிறைந்திருக்கும். மற்ற மாதங்களில் வாரக்கணக்கில் பூட்டியே கிடக்கும். படுக்கை விரிப்புத் தோய்ப்பது, துப்புரவு, ஏசிக்கான கரண்ட் பில், ஆள் பிடித்துத் தருபவரின் பங்கு எல்லாம் வருமானத்திலிருந்தே போக வேண்டும். உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது நல்ல மாதத்தின் கணக்கைத்தான்.

மூன்றாவது, விளம்பரங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளிலும் இணையத்திலும் லிஃப்ட் உள்ள இரண்டு அறை வீடுகளுக்கு 95,000 முதல் 130,000 ரூபா வரை கேட்கப்பட்டிருந்தது. குடும்பத்தினர் தமக்குத் தெரிந்தவர்களிடம், உண்மையில் எவ்வளவுக்குக் கையெழுத்திட்டீர்கள் என்று விசாரித்தனர். புதிதாக வந்தவர்கள் 90,000 முதல் 100,000 வரை கொடுத்தனர். நெடுநாள் குடியிருப்போர் 65,000 முதல் 80,000 வரையே கொடுத்தனர். கேட்கும் விலைக்கும் படியும் விலைக்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசம் எந்த விளம்பரத்திலும் தெரியாது. பின்னர் நடந்த பேச்சில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

சட்டத்தின் நிலையையும் பார்த்தோம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குவதைத் தடுத்தது. குடியிருப்போரை வெளியேற்றுவதையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அந்தச் சட்டத்தின் பேரில் நம்பிக்கை வைத்திருக்கும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிற்காலத் திருத்தங்கள் புதிய குடியிருப்புகளை அதன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டதால், இந்த வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று ஆலோசனை கேட்ட சட்டத்தரணி தெளிவாகச் சொன்னார். ஆகவே வழக்கு என்பது தெரிவாக இருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடனே வெளியேறுவதும் முதலில் பேசப்பட்டது. தெஹிவளை, வத்தளை, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் வீடு பார்த்தனர். வத்தளையில் வாடகை குறைவாக இருந்தபோதும் மூத்த பிள்ளையின் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்ததால் அந்தத் தெரிவு கைவிடப்பட்டது. அந்தப் பரீட்சை ஆண்டு முடிவில் நடக்காமல் 2024 மே மாதத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. எனவே குடும்பத்துக்குத் தேவைப்பட்டது அதே வீட்டில் நிரந்தரமாகத் தங்குவதல்ல, 2024 ஜூன் வரை தங்குவது. தேவை இப்படிக் குறுகிய பிறகு பேச்சு எளிதாகியது. “குறைத்துத் தாருங்கள்” என்று கேட்பதற்குப் பதிலாக, “இன்ன திகதியில் வீட்டை வெறுமையாகத் தருகிறோம், அதுவரைக்கும் இவ்வளவு” என்று சொல்ல முடிந்தது. ஜூலையில் நாள் வாடகைக் காலம் தொடங்கும்போது வீடு கைக்கு வரும் என்பது சகோதரிக்கும் பிடித்திருந்தது.

ஓகஸ்ட் நடுவில் சகோதரியின் வீட்டு விறாந்தையில் பேச்சு நடந்தது. தந்தை ஒரு கொப்பி ஒற்றையில் மூன்று கணக்குகளையும் எழுதிக் கொண்டுபோயிருந்தார். டொலர்க் கணக்கை அவர் மறைக்கவில்லை. தமக்குப் பாதகமான 94,000 என்ற எண்ணையும் மேலேயே எழுதியிருந்தார். சகோதரி அந்தத் தாளை மேசையில் வைத்துப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார். மறுநாள் இரவு பதில் வந்தது. குடும்பம் முதலில் சொன்னது 80,000 ரூபா. 85,000 ரூபாவில் முடிந்தது. அந்த மாதத்துக்குப் பழைய வாடகையே வாங்கப்பட்டது.

முற்பணம் தொடர்பான முடிவுதான் என் பார்வையில் மிகவும் முக்கியமானது. முற்பணம் உயர்த்தப்படவில்லை. அதோடு, இறுதி நான்கு மாத வாடகையான 340,000 ரூபாவை முற்பணத்திலிருந்தே கழிப்பது என்றும், எஞ்சும் 320,000 ரூபாவைச் சாவி ஒப்படைக்கும்போது தருவது என்றும் எழுதப்பட்டது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும்போது பெருந்தொகையொன்றை ஒரே நாளில் திரும்பப் பெறுவது எவ்வளவு சிரமம் என்பதை வெள்ளவத்தையில் வாடகைக்கு இருப்போர் அறிவர். அடுத்த வாடகையாளர் தரும் முற்பணத்தில்தான் முந்தியவருக்குக் கொடுப்பார்கள். அடுத்தவர் வரும்வரை இவர் காத்திருக்க வேண்டும். கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டினால் அந்த ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த நான்கு மாதங்களிலும் கையில் மிஞ்சிய பணம் புதிய வீட்டின் முற்பணத்துக்கு ஆயிற்று. 2019இல் கொடுத்த 660,000 ரூபாவை நான்கு ஆண்டுகள் கழித்து அப்படியே திரும்பப் பெற்றாலும், அது அதே தரமான வீட்டுக்கு ஏழு மாத முற்பணத்துக்குக்கூடக் காணாது என்ற நிலையையும் அப்போதுதான் குடும்பம் முதன்முதலாகக் கணக்கிட்டுப் பார்த்தது.

பத்து மாதத்துக்கு நொத்தாரிசுச் செலவும் முத்திரைத் தீர்வையும் வீண் என்று சகோதரி நினைத்தார். தந்தையும் அரை மனதாகவே இருந்தார். அசையாமல் நின்றவர் பாட்டி. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவிட்டது. அந்த நாட்களில் கொழும்பில் இருந்தவர் அவர். எங்கே இருக்கிறோம், ஏன் இருக்கிறோம் என்பதற்கு ஒரு எழுத்து வேண்டும் என்பது அவருக்கு வாடகைக் கணக்கையும் தாண்டிய விடயம். செலவை இரு தரப்பும் சமமாகப் பகிர்ந்து, 2023 செப்டெம்பர் முதல் 2024 ஜூன் வரைக்கும் உடன்படிக்கை எழுதப்பட்டது.

தொடர்ந்து நடந்தவை

முதல் ஏழு மாதங்கள் சொல்லத்தக்க சிக்கலின்றிக் கழிந்தன. 85,000 ரூபா வருமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் என்றாலும், இளைய பிள்ளையின் நீச்சல் வகுப்பு நின்றது. சிறு நகையொன்று அடகுக்குப் போனது.

ஏப்ரலில் தரகர்கள் வரத் தொடங்கினர். புதிய வாடகையாளர்களுக்கு வீடு காட்ட அவர்கள் முன்னறிவிப்பின்றி, சில நாட்களில் இரவு எட்டு மணிக்கும் வந்தனர். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் படிக்கிற அறையின் கதவைத் தட்டி அலுமாரியைத் திறந்து பார்த்த ஒருவரோடு தாய் சத்தம் போட நேர்ந்தது. வீட்டைக் காட்டும் நேரம் பற்றி உடன்படிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. பரீட்சை முடியும்வரை சனிக்கிழமை பின்னேரம் மட்டும் என்று சகோதரி பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

ஜூன் இறுதியில் சாவி ஒப்படைக்கும்போது, பெயின்ட் அடிக்கவும் குளியலறை நீர்க்கசிவைத் திருத்தவும் என்று 110,000 ரூபா கழிக்கப் போவதாகச் சொல்லப்பட்டது. கசிவு மேல்வீட்டுக் குழாயிலிருந்து வந்தது. 2021இல் அதைப் படம் எடுத்துத் தந்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். “பார்க்கிறன்” என்ற சகோதரியின் பதிலும் அதன் கீழேயே இருந்தது. தேவைப்பட்டால் மத்தியஸ்த சபைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. அங்கே கட்டணமோ சட்டத்தரணியோ தேவையில்லை. அந்தப் படத்தைக் காட்டியதும் அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று. பெயின்ட்டுக்கு மட்டும் 35,000 ரூபா கழிக்கப்பட்டு, மீதி 285,000 ரூபா இரண்டு தவணையாக வந்தது. இரண்டாவது தவணை சொன்ன நாளுக்கு ஆறு வாரம் பிந்தியது.

விளைவு

குடும்பம் தெஹிவளையில், காலி வீதியிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு தனி வீட்டின் மேல்மாடிக்குப் போனது. வாடகை 65,000 ரூபா. ஆறு மாத முற்பணம். இரண்டாண்டு நொத்தாரிசு உடன்படிக்கை. இரண்டாம் ஆண்டில் 8 சதவீத உயர்வு என்று முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளது.

பழைய வீட்டின் வாடகையும் பராமரிப்பும் சேர்ந்து 94,000 ரூபா. புதிய இடத்தில் வாடகை, பாடசாலை வான் 14,000, தந்தையின் கூடுதல் போக்குவரத்து 4,000 எல்லாம் சேர்ந்து 83,000. காகிதத்தில் மாதம் 11,000 ரூபா மிச்சம். ஆனால் தாயின் ரியூஷன் மாணவர்கள் அனைவரும் வெள்ளவத்தைப் பிள்ளைகள். மாலையில் ஒழுங்கை கடந்து நடந்து வந்தவர்கள். அவர்களில் பலர் தெஹிவளைக்கு வரவில்லை. 60,000 ரூபாவாக இருந்த அந்த வருமானம் முதல் பாடசாலைத் தவணையில் 38,000 ரூபாவுக்கு இறங்கியது. வாடகையில் மிஞ்சியதன் இரு மடங்கு வருமானத்தில் போய்விட்டது. பின்னர் வெள்ளவத்தையில் தெரிந்தவர் ஒருவரின் முன்னறையை வாரத்தில் மூன்று நாள் எடுத்து வகுப்பு நடத்தியதால், ஓராண்டுக்குள் பெரும்பகுதி மீண்டது. மூத்தவள் நல்ல பெறுபேறு பெற்றாள். பாட்டி முன்பு நடந்தே போய்வந்த மயூரபதி அம்மன் கோவிலுக்கு இப்போது வெள்ளிக்கிழமைகளில் முச்சக்கர வண்டியில் போகிறார். அந்தச் செலவு மேலே உள்ள கணக்கில் சேர்க்கப்படவில்லை.

பழைய வீட்டில் சகோதரி நாள் வாடகையை முயன்று பார்த்தார். தளபாடத்துக்கும் ஏசிக்கும் கடன்பட வேண்டியிருந்தது. நல்லூர்க் காலமும் டிசெம்பரும் நன்றாகப் போயின; இடைப்பட்ட மாதங்கள் அவரைச் சோர்வடையச் செய்தன. 2025 தொடக்கத்தில் அவர் வீட்டை மீண்டும் ஆண்டு வாடகைக்கு விட்டார். கையெழுத்தான தொகை 95,000 ரூபா.

இனிச் செய்வதானால் மாற்ற வேண்டியவை

2021இல் உடன்படிக்கை முடிந்தபோதே, வாடகை உயராவிட்டாலும், எழுத்தைப் புதுப்பித்திருக்க வேண்டும். அன்று ஆண்டுக்கு 10 சதவீத உயர்வுக்குக் குடும்பம் ஒத்துக்கொண்டிருந்தால்கூட 2023 ஜூலையில் வாடகை 67,000 ரூபா அளவிலேயே நின்றிருக்கும். உரிமையாளருக்கும் இரண்டு ஆண்டு முழுவதும் பழைய தொகையே கிடைத்திருக்காது. வாடகை ஏறாமல் இருந்த அந்தக் காலத்தை இரு தரப்பும் நன்மை என்று எண்ணியிருந்தன. ஒரே தாவலில் இரு மடங்கு கேட்கும் நிலைக்கு அதுவே வழி வைத்தது.

இடம் மாறும் கணக்கில் வாடகையையும் போக்குவரத்தையும் மட்டும் பார்த்தோம். வீட்டிலிருந்து உழைப்பவரின் வருமானம் அந்த ஒழுங்கையோடு பிணைந்திருந்ததை மதிப்பிடவில்லை. அதைச் சேர்த்துப் பார்த்திருந்தாலும் பெரும்பாலும் இடம் மாறியே இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வகுப்புக்கான முன்னறையை வீடு மாறுவதற்கு முன்னரே பேசி வைத்திருப்பார்கள்.

குடிவரும் நாளிலேயே சுவர், குழாய், கூரை ஆகியவற்றைப் படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்றை உடன்படிக்கையோடு இணைத்திருந்தால், 35,000 ரூபா பற்றிய பேச்சும் சுருங்கியிருக்கும். இங்கே ஒரு பழைய வட்ஸ்அப் செய்தி தற்செயலாகக் கைகொடுத்தது. தெஹிவளை வீட்டுக்கு அந்தப் பட்டியல் உண்டு. வீடு காட்டும் நேரம், முற்பணம் திருப்பும் கடைசி நாள், புதுப்பித்தல் பற்றிய பேச்சை முடிவுத் திகதிக்கு 90 நாள் முன்னரே தொடங்குவது ஆகியவையும் அந்த உடன்படிக்கையில் எழுதப்பட்டன. வீடு காட்டும் நேரம் பற்றிய வாசகத்தைச் சகோதரி கேட்டு வாங்கி, 95,000 ரூபாவுக்கு வந்த புதிய குடும்பத்தோடு எழுதிய உடன்படிக்கையில் அப்படியே சேர்த்துக்கொண்டார்.